கட்ட மறுத்தவர்கள்: நாராயணசாமி நாயுடுவும் அரசோடு உழவர் நடத்திய வழக்கும்

இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், நாட்டுப்புறத்திலிருந்து அரசை எதிர்த்து நிற்கும் மனிதர். அவரைப் பற்றி உலகெங்கும் இரண்டு சித்திரங்கள் உலவுகின்றன. ஒன்று, சட்டத்தை மதிக்காத முரடர். மற்றது, தனியொருவராக அதிகாரத்தை எதிர்த்த வீரர். கொங்கு நாட்டில் இதற்கு எடுத்துக்காட்டாக ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், கோவைக்கு வடக்கே வையம்பாளையத்தில் 1925-இல் பிறந்து, 1984 டிசம்பர் 21 அன்று மறைந்த உழவர் தலைவர் சி. நாராயணசாமி நாயுடுவைத்தான் சொல்ல வேண்டும். மின்கட்டணம் கட்டாதே, கடனைத் திருப்பிச் செலுத்தாதே என்று லட்சக்கணக்கான உழவர்களிடம் சொன்னவர் அவர். தி.மு.க. ஆட்சியும் அ.தி.மு.க. ஆட்சியும் அவரைச் சிறையில் அடைத்திருக்கின்றன. பின்னாளில் அரசே அவருடைய ஊரில் அவருக்கு மணிமண்டபம் எழுப்பியது. மேலே சொன்ன இரண்டு சித்திரங்களில் எதற்குள்ளும் அவர் அடங்கமாட்டார். அவருடைய போராட்டத்தின் வலிமை அவருடைய துணிச்சலில் மட்டும் இருக்கவில்லை. உழவர் கையில் இருந்த கரண்ட் பில்லில் இருந்தது. அந்தப் பில் இருந்தவரை அரசு உழவரோடு பேச வேண்டியிருந்தது. பில் இல்லாதவர்களின் நிலை என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு முழுமையாகும்.

அந்தப் பில் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கொங்கு நாட்டின் பெரும்பகுதி ஆற்றுப் பாசன பூமி அல்ல. பவானியின் கொடிவேரியும் நொய்யல், அமராவதி வாய்க்கால்களும் பாயும் ஊர்களை விட்டால், மற்ற இடங்களில் பண்ணையம் என்பது கிணற்றை நம்பியது. கிணறு உள்ள நிலம் தோட்டம். மழையை நம்பியது காடு. மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்தில் கிணற்றின் ஆழத்துக்கு மாட்டின் பலமே எல்லையாக இருந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைக்கு மின்சாரம் வந்தது. ஆலைகளை ஓட்டிய அதே மின்சாரம் மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. கோவைப் பட்டறைகளில் செய்த மோட்டார்களும் பம்புகளும் கிணற்று மேட்டில் ஏறின. விடுதலைக்குப் பிறகு உணவு உற்பத்தியைப் பெருக்கு என்று அரசே ஊக்கம் தந்தது. கிணறு வெட்டக் கடன், மோட்டார் வாங்கக் கடன், புது விதைக்கும் உரத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. 1960-களின் கடைசியில் கோவை மாவட்டத்துத் தோட்டக்காரர் ஒருவருடைய வரவுசெலவில் அரசு மூன்று முகங்களோடு நுழைந்துவிட்டது. மின்வாரியமாக அவருக்கு விற்றது. வங்கியாகவும் கூட்டுறவுச் சங்கமாகவும் கடன் கொடுத்தது. விளைபொருளுக்கு விலை வைத்ததிலும் பிற மாநிலங்களுக்குப் போகவிடாமல் தடுத்ததிலும் சந்தைக்காரராக நின்றது. வரி வசூலிக்க ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோன பழைய அரசு இல்லை இது. மீட்டர் பெட்டிக்குள் நாள்தோறும் உட்கார்ந்திருந்த அரசு.

1966-இல் கோவை வடக்கு வட்ட அளவில் உருவான நாயுடுவின் விவசாயிகள் சங்கம் இந்தப் பின்னணியில்தான் வளர்ந்தது. 1970-இல் மாநில அரசு பாசன மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 10 பைசாவாக உயர்த்தியது. பைசாக் கணக்குத்தானே என்று இன்று தோன்றலாம். ஆழம் போய்க்கொண்டே இருந்த கிணற்றில் நாளெல்லாம் மோட்டார் ஓட்டியவருக்கு அது சின்னக் கணக்கு இல்லை. அந்த ஆண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் உயர்வை எதிர்த்துப் போராடியவர்களைக் காவல்துறை சுட்டதில் மூன்று உழவர்கள் மாண்டார்கள். அரசு கட்டணத்தில் ஒரு பைசாவைக் குறைத்தது. 1972-இல் கட்டணம் மறுபடி உயர்ந்தபோது போராட்டத்தின் அளவே மாறிவிட்டது. நகரத்துக்குப் போகும் பாலையும் காய்கறியையும் நிறுத்தினார்கள். கட்டை வண்டிகளைப் பூட்டிக்கொண்டு கோவைக்கு வந்து சாலைகளை அடைத்தார்கள். வண்டி நின்ற இடத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டால் அதை நகர்த்த எந்தப் போலீசாலும் எளிதில் முடியாது. அந்த ஆண்டு ஜூலை 5 அன்று சேலம் மாவட்டம் பெத்தநாயக்கன்பாளையத்திலும் வேறு ஊர்களிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த நாளைத்தான் இன்றுவரை உழவர் தினமாகச் சங்கங்கள் கடைப்பிடிக்கின்றன. அதற்குள் கோவை மாவட்ட அளவுக்கு வளர்ந்திருந்த சங்கம் அடுத்த ஆண்டு தமிழக விவசாயிகள் சங்கமாக விரிந்தது. உழவர் அமைப்புகளின் கணக்குப்படி, இந்தப் போராட்டங்களில் தமிழ்நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். நாம் கூடியிருக்கும் சத்தியமங்கலமும் கோபியும் அன்று கோவை மாவட்டத்துக்குள்தான் இருந்தன. 1979-இல்தான் பெரியார் மாவட்டம் பிரிந்தது. எனவே இது இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய குடும்பங்களின் வரலாறும்கூட.

வண்டிகளையும் துப்பாக்கிச் சூட்டையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். போராட்டத்தின் உயிர் அதைவிட அமைதியான ஒரு செயலில் இருந்தது. பில்லைக் கட்ட மறுப்பது, கடன் தவணையை நிறுத்துவது. இது பதுங்கிச் செய்கிற வேலை அல்ல. மின் இணைப்பு எண், பட்டா எண், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் எண் எல்லாம் அரசின் பதிவேட்டில் இருக்கின்றன. மறுப்பவர் யார், எங்கே இருக்கிறார், எவ்வளவு பாக்கி என்பது அலுவலகத்துக்குத் தெரியும். அலுவலகம் பதிலுக்கு மின் இணைப்பைத் துண்டித்தது. மோட்டாரையும் மாட்டையும் ஜப்தி செய்ய ஆட்களை அனுப்பியது. ஊர் திரண்டு தடுத்தது. ஒவ்வொரு படியிலும் இரு தரப்புக்கும் எதிர்த் தரப்பு எதை மறுக்கிறது, எதைக் கேட்கிறது என்பது தெளிவாக இருந்தது. நாயுடுவின் வாதத்தின் சாரமும் கணக்கு வழக்குதான். விளைபொருளுக்கு அடக்கவிலைகூடக் கிடைக்காமல் அரசு விலையை அழுத்தி வைக்கிறது. அந்த வகையில் உழவருக்கு அரசு தர வேண்டியது, உழவர் அரசுக்குத் தர வேண்டிய கடனைவிடப் பெரிது. உழவர் தலைவர்களான மராட்டியத்தின் ஷரத் ஜோஷியும் கர்நாடகத்தின் எம்.டி. நஞ்சுண்டசாமியும் இதே வாதத்தைத்தான் வேறு வேறு சொற்களில் வைத்தார்கள். திம்பம் மலைப்பாதை ஏறித் தாளவாடியைத் தாண்டினால் சாம்ராஜ்நகர் மாவட்டம். நஞ்சுண்டசாமியின் ரயத சங்கம் வேரூன்றிய பூமி. 1980 ஜூலையில் நர்குந்த், நவல்குந்த் பகுதிகளில் பாசன வரிக்கு எதிராக எழுந்து, துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்த உழவர்களிடமிருந்து பிறந்த சங்கம் அது. அனுமதி இல்லாமல் அரசு அதிகாரிகள் ஊருக்குள் நுழையக் கூடாது என்று ஊர் எல்லையிலேயே பலகை வைத்தது. வங்கி ஜப்தி செய்த பொருளைக் கூட்டமாகப் போய் மீட்டுக்கொண்டு வந்தது. மலையின் இரு பக்கத்திலும் உழவர் தோளில் கிடந்த பச்சைத் துண்டு ஒன்றே.

இங்கே ஒரு கனமான மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். அதைச் சொன்னவர் டாக்டர் அம்பேத்கர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், விடுதலை பெற்ற நாட்டில் ஒத்துழையாமை, சட்டமறுப்பு, சத்தியாகிரகம் போன்ற முறைகளைக் கைவிட வேண்டும் என்று அவர் வாதிட்டார். அரசியலமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது இந்த முறைகளுக்கு நியாயம் இல்லை என்பது அவர் நிலைப்பாடு. 1928-இல் பர்தோலியில் வல்லபாய் படேல் நடத்திய வரிகொடா இயக்கம் அந்நிய அரசுக்கு எதிரானது. நாமே வாக்களித்து அமைத்த அரசிடம் அதே ஆயுதத்தைத் தூக்கலாமா? இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. சட்டமும் அரசும் மட்டுமே ஒடுக்கப்பட்டவருக்குக் காப்பு என்பதை உணர்ந்தவரின் கேள்வி அது. ஊர் திரண்டு அதிகாரியைத் தடுக்கும் காட்சி, ஊருக்கு வெளியே வாழ்பவருக்கு எப்படித் தெரியும் என்பதை அறிந்தவரின் கேள்வி. ஆனால் அவர் வைத்த நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். வழி திறந்திருக்க வேண்டும் என்றார். 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து ஓர் உழவர் தன் கணக்கை எடுத்துக்கொண்டு போய் வாதிட எந்த மன்றம் இருந்தது? 1948-ஆம் ஆண்டின் மின் வழங்கல் சட்டத்தின்படி கட்டணத்தை வாரியமே நிர்ணயித்தது. வாரியம் அரசின் சொல்லைக் கேட்டது. கட்டணம் உயர்த்துவதற்கு முன் பொதுமக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடே தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999-இல் அமைந்த பிறகுதான் வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை போடும் வாக்கில் ஒரு யூனிட்டின் விலையைக் குறிப்பிட்டுச் சொல்லிவிட முடியாது. அம்பேத்கரின் நிபந்தனையை இந்தக் குறிப்பிட்ட விஷயத்தில் அரசு நிறைவேற்றியிருக்கவில்லை. அந்த மன்றம் இல்லாத இடத்தில் கட்டாத பில் ஒரு மனுவாக இருந்தது என்றே நான் மதிப்பிடுகிறேன். அரசு பேச்சுவார்த்தைக்கு அழைத்தபோதெல்லாம் நாயுடு போனார். ஒரு பைசா குறைந்ததையும் ஏற்றுக்கொண்டார். அரசே வேண்டாம் என்று நினைத்தவர் ஒரு பைசாவுக்கு அரசோடு பேரம் பேசமாட்டார்.

இதை இன்னும் தெளிவாகக் காண அமெரிக்க நாட்டுப்புறத்தைப் பார்க்கலாம். அதே காலத்தில், அதே காரணங்களால், அங்கேயும் உழவர்கள் எழுந்தார்கள். 1977-இல் கொலராடோவில் தொடங்கிய அமெரிக்க வேளாண் இயக்கம், விளைபொருளுக்கு இடுபொருள் செலவோடு ஒத்த விலை வேண்டும் என்று கேட்டது. 1979-இன் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான உழவர்கள் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு தலைநகர் வாஷிங்டனுக்கு வந்து சாலைகளை முடக்கினார்கள். நம் கட்டை வண்டிப் போராட்டத்தின் அமெரிக்க உடன்பிறப்பு என்று அதைச் சொல்லலாம். பிப்ரவரியில் கடும் பனிப்புயல் நகரத்தை முடக்கியபோது, எந்த நகரத்தாரோடு சண்டைபோட வந்தார்களோ அவர்களுக்காகவே டிராக்டர்களை எடுத்துக்கொண்டு போய் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மருத்துவமனைகளுக்குக் கொண்டு சேர்த்தார்கள். ஆனால் கேட்ட விலை கிடைக்கவில்லை. அதன்பின் வட்டி விகிதம் ஏறியது, நிலத்தின் மதிப்பு சரிந்தது, பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. அந்தக் கசப்பில் வேறொரு குரல் ஊடுருவியது. மாவட்ட அளவிலான ஷெரிப்புக்கு மேல் எந்த அரசும் செல்லாது என்று போதித்த போஸி கோமிடாட்டஸ் என்ற அமைப்பு, உழவர்களின் துயரத்துக்கு யூதர்களின் சதியே காரணம் என்ற நச்சையும் சேர்த்துப் பரப்பியது. வட டகோட்டாவின் கோர்டன் கால் அந்த அமைப்பைச் சேர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் பணியாற்றிய உழவர். வருமான வரி கட்ட மறுத்துச் சிறை சென்று வந்தவர். 1983 பிப்ரவரியில் மெடினா என்ற சிற்றூர் அருகே, தன்னைக் கைதுசெய்ய வந்த இரண்டு மார்ஷல்களைச் சுட்டுக்கொன்றார். ஜூன் மாதம் அர்கன்சாஸில் நடந்த மோதலில் அவரும் ஒரு ஷெரிப்பும் இறந்தார்கள். நெவாடாவின் மாட்டுப் பண்ணைக்காரர் கிளைவன் பண்டி, மைய அரசின் நிலத்தில் மாடு மேய்ப்பதற்கான கட்டணத்தை 1993-லிருந்து கட்டவில்லை. 2014-இல் அவருடைய மாடுகளைப் பிடிக்க வந்த அதிகாரிகளை ஆயுதம் தாங்கிய ஆதரவாளர்கள் தடுத்து நிறுத்தினார்கள். அவருடைய மகன்கள் 2016-இல் ஓரிகானின் மால்யூர் வனவிலங்குச் சரணாலயத்தைப் பிடித்து வைத்ததில், அவர்களோடு நின்ற ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கால், பண்டி, நாயுடு மூவருமே கட்ட மறுத்தவர்கள். செயல் ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் கட்டணம் கூடுதல் என்று பண்டி சொல்லவில்லை. அந்த நிலம் மைய அரசுக்குச் சொந்தமே இல்லை, ஆகவே அந்த அரசுக்குக் கேட்கும் அதிகாரமே இல்லை என்றார். கால் வரி விகிதத்தோடு சண்டை போடவில்லை. வரி என்ற ஒன்றையே சாத்தானின் வேலையாகக் கண்டார். எதிரே இருப்பவர் இல்லை என்று முடிவுசெய்தபின் பேச என்ன இருக்கிறது? துப்பாக்கிதான் மிச்சம். நாயுடுவின் உழவர்களோ அரசைப் பார்த்து, நீ விற்கிறாய், நீ கடன் கொடுக்கிறாய், நீ விலை வைக்கிறாய், ஆகவே நீ பதில் சொல் என்றார்கள். அவர்கள் மறுத்தது பில்லை. பில் அனுப்பியவரின் இருப்பை அல்ல. அதனால்தான் அந்தப் போராட்டத்தின் முடிவில் அரசு சிறுத்துப்போகவில்லை. உழவரின் வாழ்க்கைக்குள் மேலும் ஆழமாக, வேறு நிபந்தனையில் வந்தது. இதற்கு நம்மவர்களின் நல்லொழுக்கமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சாலைகளை அடைத்ததில் கல்வீச்சும் இருந்தது, பேருந்துகளும் சேதப்பட்டன. வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம் எண்ணிக்கை. அமெரிக்காவில் உழவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறுபான்மையாகச் சுருங்கிய பிறகு வந்த கசப்பு அது. தமிழ்நாட்டிலோ எந்தக் கட்சியும் உழவர் வாக்கை இழந்து கோட்டைக்குப் போக முடியாது. கவனிக்க ஆள் இருக்கும் இடத்தில் மறுப்பு பேச்சாகிறது. கவனிப்பார் இல்லாத இடத்தில் அது சதிக்கதைகளின் பக்கம் சாய்கிறது. அமெரிக்க உழவர் டிராக்டரில் வந்து கேட்டபோது அவருக்குப் பதில் கிடைத்திருந்தால், போஸி கோமிடாட்டஸின் ஆட்களுக்கு அத்தனை காதுகள் கிடைத்திருக்குமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

நாயுடுவின் இயக்கத்தைப் பற்றி இடதுசாரிகள் வைத்த விமரிசனம் இதைவிடக் கூர்மையானது. இது தோட்டக்காரர்களின் சங்கம். கிணறும் மோட்டாரும் உள்ளவரின் சங்கம். அவருடைய தோட்டத்தில் கூலிக்கு நின்றவருக்கு இதில் என்ன இருந்தது என்று அவர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில், மிகக் குறைவு என்பதுதான். 1968 டிசம்பர் 25 அன்று தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கொங்கு விவசாயிகள் பைசாவுக்காக எழுந்தது அதற்கு அடுத்து வந்த ஆண்டுகளில். அந்த நிகழ்வைத் தொடர்ந்து 1969-இல் வந்த நியாயக்கூலிச் சட்டம் தஞ்சைக்கு மட்டுமே. கொங்கு தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் பண்ணையத்தில் நின்ற அருந்ததியர் குடும்பங்களின் கூலி எந்தச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் முதலிடத்தில் இருந்ததில்லை. விலை ஏறினால் கூலியும் ஏறும் என்பது சங்கத்தின் வாதம். அது தானாக நடக்கும் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் இந்த விமரிசனம் இயக்கத்தின் முறையைத் தவறாக்கிவிடுவதில்லை. அந்த முறை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. பண்ணையத்தாளுக்குப் பில் வரவில்லை; அவர் மறுக்கக்கூடியது அவருடைய உழைப்பு ஒன்றுதான். அதை மறுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கீழ்வெண்மணி காட்டியிருந்தது.

1982-இல் நாயுடு உழவர்களுக்கும் உழைப்பாளர்களுக்குமாக ஓர் அரசியல் கட்சியைத் தொடங்கினார். உழைப்பாளர் என்ற பெயர் கட்சிக்குள் நுழைந்ததே மேலே சொன்ன விமரிசனத்துக்கு ஒருவகை பதில் என்று கொள்ளலாம். ஆனால் அது வாக்குப்பெட்டியில் எடுபடவில்லை. சங்கமாக இருந்தபோது எந்தக் கட்சிக்காரரும் உள்ளே வர முடிந்தது. கட்சியானதும் அவர்கள் எதிர்த் தரப்பானார்கள். 1984 டிசம்பர் 24 அன்று சட்டமன்றத் தேர்தல் நடக்க இருந்தபோது, பிரச்சாரத்துக்காகப் போன கோவில்பட்டியில் மூன்று நாட்கள் முன்னதாக அவர் காலமானார்.

அவர் மறைந்த ஆண்டிலேயே எம்.ஜி.ஆர். அரசு சிறு உழவர்களுக்குக் கட்டணமில்லா மின்சாரத்தை அறிவித்திருந்தது. 1989-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு அதை எல்லா உழவர்களுக்கும் விரித்தது. இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பாசன இணைப்புகள் இந்த ஏற்பாட்டில் ஓடுகின்றன. இயக்கத்தின் மாபெரும் வெற்றியாக இது கொண்டாடப்படுகிறது. துப்பாக்கிக் குண்டுக்கு நெஞ்சைக் காட்டியவர்களின் பிள்ளைகள் அப்படிக் கொண்டாடுவதைக் குறைசொல்ல யாருக்கும் தகுதி இல்லை. இது இலவசம் அல்ல, உரிமை என்று சங்கங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விலையில் இழந்ததை மின்சாரத்தில் ஈடுகட்டுவது என்பதுதான் அந்த வாதம். அது நாயுடுவின் கணக்கிலிருந்து நேராக வருவது. இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பில் போனதோடு, மறுப்பதற்கு உழவர் கையில் இருந்ததும் போயிற்று. முன்பு கட்டணம் எவ்வளவு என்பதில் இரு தரப்பும் பேரம் பேசின. இப்போது கொடுப்பதா நிறுத்துவதா என்பதை ஒரு தரப்பு முடிவுசெய்கிறது. 2003-இல் அன்றைய அ.தி.மு.க. அரசு இந்தச் சலுகையை நீக்கியதும், 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றவுடன் திருப்பித் தந்ததும் இதைத்தான் காட்டின. அரசு இறங்கி வந்தது தேர்தலுக்குத்தான். உழவரோடு நடந்த எந்தப் பேச்சுக்கும் அல்ல. எத்தனை மணி நேரம், எந்த வேளையில், எவ்வளவு அழுத்தத்தில் மின்சாரம் வருகிறது என்பதில் உழவருக்குச் சொல்ல இடம் குறைந்தது. விலை கொடுக்காதவரால் தரத்தைப் பற்றி வாதாட முடிவதில்லை. நிலத்தடி நீரும் கணக்கில்லாமல் போயிற்று. கோவை, திருப்பூர் பகுதிகளில் ஆயிரம் அடிக்குக் கீழே போர் போட்டும் நீர் இல்லாத ஊர்கள் உண்டு. பல ஒன்றியங்களை அரசே மிகை உறிஞ்சல் பகுதிகளாக வகைப்படுத்தியிருக்கிறது. இதற்கு மின்சாரம் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமல்ல. நகரங்களும் சாயப்பட்டறைகளும் மழைக்குறைவும் சேர்ந்த விளைவு அது. ஆனால் எவ்வளவு எடுக்கிறோம் என்று அளக்கும் பழக்கம் போனதில் மீட்டர் போனதற்குப் பங்கு உண்டு. மீட்டரைப் பொருத்தினால் நாளை கட்டணம் வரும் என்ற உழவரின் அச்சமும் ஆதாரமற்றதல்ல. 2020-இல் தில்லி எல்லையில் கூடிய உழவர்கள் மின்சாரத் திருத்த மசோதாவையும் திரும்பப் பெறச் சொன்னது அந்த அச்சத்தால்தான்.

மறுக்கும் ஆயுதம் முற்றிலும் போய்விடவில்லை. அது நிலத்துக்கு மாறியிருக்கிறது. கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் கொங்கு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே போகும் என்று வந்தபோது, உழவர்கள் குழி தோண்டவிடாமல் நின்றார்கள். 2013-இல் மாநில அரசு குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. 2016-இல் உச்ச நீதிமன்றம் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்து உயர் மின்கோபுரங்கள் வந்தன. அங்கும் இதே தடுப்பு, இதே கைது. கீழ்பவானிக் கால்வாய்க்குக் கான்கிரீட் போடும் திட்டத்திலோ சண்டையின் உருவமே வேறாகிவிட்டது. பவானிசாகரிலிருந்து புறப்பட்டு இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாயும் அந்தக் கால்வாயின் கடைமடைக்காரர்கள் தண்ணீர் வந்து சேர வேண்டும் என்று கான்கிரீட்டைக் கேட்டார்கள். கால்வாயின் கசிவு நீரால் கிணறு ஊறும் தோட்டக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். இரு தரப்பும் பச்சைத் துண்டுக்காரர்களே, இரு தரப்பும் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஒரு பில்லின் கீழ் எல்லோரும் ஒன்றாக நிற்க முடிந்தது. நீரைப் பங்கிடுவதில் அந்த ஒற்றுமை கிடைக்காது. பங்கிடும் விதியை யார் எழுதுவது என்பதற்குச் சங்கங்களிடம் இன்னும் விடை இல்லை.

சத்தியமங்கலத்தில் நின்று பேசும்போது மலையைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. இந்த ஊருக்கு வடக்கே காட்டுக்குள் சோளகர், ஊராளி, இருளர் ஊர்கள் இருக்கின்றன. வீரப்பனைத் தேடிய ஆண்டுகளில் இரு மாநில அதிரடிப் படைகளின் கையில் அந்த மக்கள் பட்ட சித்திரவதையைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது. 2007-இல் 89 பேருக்கு இழப்பீடு வழங்க ஆணையம் பரிந்துரைத்தது. தருமபுரி மாவட்டத்தின் பழங்குடி ஊரான வாச்சாத்தியில் 1992-இல் வனத்துறையும் காவல்துறையும் செய்த கொடுமைக்கு 2011-இல் தண்டனை வந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல். சமவெளி உழவரைப் போல இவர்களால் ஏன் எதையும் மறுத்து அரசைப் பேச வைக்க முடியவில்லை? அவர்களிடம் மின் இணைப்பு எண் இல்லை, பட்டா இல்லை, கூட்டுறவுக் கடன் இல்லை. அரசு அவர்களிடமிருந்து எதையும் வசூலிக்கவில்லை. ஆகவே எதையும் அவர்களால் நிறுத்திவைக்க முடியவில்லை. சத்தியமங்கலம் காடு 2013-இல் புலிகள் காப்பகம் ஆனபோது, அந்த ஊர்களின் பெயர் வரைபடத்தில் ஒரு கோட்டுக்குள் வந்தது. 2006-இல் நாடாளுமன்றம் இயற்றிய வன உரிமைச் சட்டம் முதல்முறையாக அவர்களுக்கு ஒரு பதிவேட்டைத் தருகிறது. கிராம சபை கூடி உரிமையை ஏற்கலாம், ஊரை அப்புறப்படுத்தும் திட்டத்துக்கு ஒப்புதல் தர மறுக்கலாம். தமிழ்நாட்டில் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் 2016 வரை பட்டா வழங்குவது நின்றிருந்தது. அதன்பிறகும் வேலை மந்தமாகவே நடக்கிறது. சமவெளியின் சங்கங்களுக்கு அரை நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. மனு எழுதத் தெரியும், அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும், மறுத்தபின் எப்படிப் பேச உட்கார வேண்டும் என்றும் தெரியும். தாளவாடியிலும் கடம்பூரிலும் வன உரிமை மனுக்கள் எத்தனை நிலுவையில் இருக்கின்றன, எந்த அலுவலகத்தில் எவ்வளவு காலமாக நிற்கின்றன என்ற பட்டியலைச் சங்கங்கள் தயாரித்து, வருகிற ஜூலை 5 உழவர் தினக் கூட்டத்தில் தங்கள் கோரிக்கைகளோடு அதையும் சேர்த்து வைக்க முடியும். அந்த மேடையில் மலையூர்க் கிராம சபைத் தலைவர்களுக்கும் தோட்டக் கூலியாட்களின் சங்கத்தாருக்கும் இடம் தர வேண்டும் என்பதே நாயுடுவின் பெயரைச் சொல்லிக் கூடும் இந்த வட்டாரச் சங்கங்களிடம் நான் முன்வைக்கும் கோரிக்கை.